ஈசலுக்கு நாலு மணி நேரம்

வாங்க தம்பி, வாங்க. செருப்பை அங்கயே விட்டுருங்க. லேப்டாப்பை இந்த மேசை மேல வைங்க. சார்ஜரைக் குத்திருங்க, பாதியில நின்னு போச்சுன்னா மறுக்கா மொதல்ல இருந்து ஏத்தோணும். ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். மொத்தம் நூத்தி இருபது ப்ளேன். ஒண்ணு கூடவும் கூடாது, ஒண்ணு கொறையவும் கூடாது. உக்காருங்க. காப்பி குடிப்பீங்கல்ல? ஏம்மா, ரெண்டு காப்பி!

ஒண்ணு மொதல்லயே சொல்லிப்போடறேன். நம்ம குரூப்புல சேந்தாச்சுன்னா உங்க இஷ்டத்துக்கு ஒரு ப்ளேனை எங்கிருந்தோ எறக்கி உள்ள போடக் கூடாது. ஏன்னு கேளுங்க. இது பழைய ஆட்டமுங்க. ரெண்டாம் உலகப் போர்ல பறந்த ப்ளேனுகளை ஓட்டிச் சண்டை போடற ஆட்டம். இதைச் செஞ்சவன் நூத்தி இருபது ப்ளேனுக்குத்தான் உள்ள எடம் வச்சான். அவன் குடுத்தது நாப்பது. மீதி எண்பதும் நம்மாட்டம் ஆசைப்பட்டவங்க செஞ்சு சேத்துனது. நூத்தி இருபத்தி ஒண்ணாவது ப்ளேனைப் போட்டீங்கன்னு வைங்க, ஆட்டம் பொக்குனு மூடிக்கும். ஏன் மூடுச்சு, எதனால மூடுச்சு, ஒரு வார்த்தை சொல்லாது.

அப்புறம் அவங்கவங்க ஊட்டுல இருந்து நெட்டுல சேந்து ஆடறப்ப எல்லாருகிட்டயும் ஒரே பட்டியல் இருக்கோணும். உங்ககிட்ட இல்லாத ப்ளேனை நான் ஓட்டுனா உங்க கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேன். சூலூர்ல இருந்து பல்லடம் வரைக்கும் இருபத்திரண்டு பேருங்க நாம. ஆளுக்கொண்ணு சேத்திக்கிட்டே போனா என்ன ஆகும்? ஆரம்பத்துல அப்படித்தான் ஆச்சு. ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு எல்லாரும் வந்து உக்காருவாங்க. ஆறு மணி வரைக்கும் எவன் ஆட்டம் மூடிச்சு, எவன் கண்ணுக்கு எவன் தெரியலைங்கறதே பேச்சு. ஒரு ப்ளேன் மேல கெளம்பாது.

பட்டியலை ஒருத்தர் பாத்துக்கோணும்னு முடிவாச்சு. என்னைத்தான் கேட்டாங்க. நான் முப்பத்தி மூணு வருஷம் வழங்கல் துறையில இருந்தவன். வட்ட வழங்கல் அலுவலரா ரிட்டயர் ஆனேன். டி.எஸ்.ஓ.ன்னுதான் இன்னும் ஊருல கூப்புடறாங்க. ரேஷன் கார்டு பட்டியல்ல செத்தவன் பேரை எடுக்கறது, ஊரை விட்டுப் போனவன் பேரை எடுக்கறது, ஒரே ஆளு ரெண்டு கார்டு வச்சிருந்தா ஒண்ணை எடுக்கறது, இதுதான் என்ற சோலி. வாசல்ல நின்னு அழுவாங்க, காலுல விழுவாங்க. நான் ஒருத்தருக்கும் வளைஞ்சு குடுத்ததில்லை. அதனாலதான் இந்தப் பட்டியல் இன்னிக்கு வரைக்கும் சுத்தமா இருக்குது.

விதி நொம்ப சுலபமுங்க. ஒரு ப்ளேன் பட்டியல்ல இருக்கோணும்னா மாசத்துக்கு நாலு மணி நேரம் பறந்திருக்கோணும். ஞாயித்துக்கெழமை மூணுல இருந்து ஆறுக்குள்ள, நம்ம ஆட்டத்துல. தனியா ஊட்டுல ஓட்டுனது செல்லாது. இன்னொண்ணு, எறங்குனாத்தான் கணக்கு. விழுந்தாலோ, சுட்டுத் தள்ளிட்டாலோ அந்தப் பறப்பு செல்லாது. ஏன்னா சில பேரு ப்ளேனை மேல சுத்த விட்டுப்போட்டு சோறு உங்கப் போயிருவாங்க. விதின்னு ஒண்ணு வச்சா ஓட்டையையும் நாமளே அடைக்கோணும்.

மாசக் கடைசி ஞாயிறு ஆறு மணிக்குப் பட்டியல் மாறும். அதுக்கு ஒரு புரோகிராம் இருக்குது. இப்ப உங்க லேப்டாப்புலயும் ஏறுது பாருங்க. என்ற பட்டியல்ல இல்லாத ப்ளேன் உங்ககிட்ட இருந்தா அதுவே அழிச்சுப்போடும். நீங்க பெத்து வளத்துன ப்ளேனா இருந்தாலும் சரி. இருபத்திரண்டு மிஷின்லயும் ஒரே நிமிஷத்துல. ஒருத்தரும் கை வைக்க வேண்டியதில்லை.

என்னங்க? ஆ, அந்தக் கதையா. உங்களுக்கும் யாரோ சொல்லிப்போட்டாங்க. சிவமலை சொன்னானா? பல்லடத்துல மில்லு சூப்பர்வைசரு. அவன் சொல்றதை மட்டும் கேக்காதீங்க. அவன் கோவிச்சுக்கிட்டுப் போன எடந்தான் இப்ப உங்களுக்கு வந்திருக்குது. நடந்ததை நடந்தபடி நான் சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க. காப்பி எடுத்துக்குங்க.

வெள்ளியங்கிரி மாஸ்டருன்னு ஒருத்தரு. கண்ணம்பாளையத்துல ஊடு. பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டரா இருந்தவரு. ப்ளேனுக்குப் பெயின்ட் அடிக்கறதுல அவரை மிஞ்ச ஆளில்லைங்க, அதை நான் எங்க வேணா சொல்லுவேன். நம்ம பட்டியல்ல பாதி ப்ளேனுக்கு அவரு கைதான். அவரு சொந்தமா செஞ்சது ஒண்ணே ஒண்ணு. ஈசல்னு பேரு வச்சாரு. ரெண்டடுக்கு றெக்கை, மஞ்ச வர்ணம், மெதுவாப் போவும். பழக்கறதுக்குன்னு இருக்கற ப்ளேன், சண்டைக்கு லாயக்கில்லை. ரெண்டு வருஷம் உக்காந்து செஞ்சாரு.

அதுல ஒரு வேடிக்கை. மத்த ப்ளேனுல ஏதாவது தப்பா ஓட்டுனா மணி அடிக்கும், இல்ல இங்கிலீசுல ஒரு பொம்பளை சொல்லுவா. ஈசல்ல மாஸ்டரு அவரு சம்சாரத்தைப் பேச வச்சுப்போட்டாரு. மரகதம்னு பேரு. எண்ணெய் கொறஞ்சா, "ஏனுங், எண்ணெய் பாத்தீங்களா?" நொம்ப தாழப் பறந்தா, "தென்னை மரம் இருக்குதுங், பாத்து." வேகம் கொறஞ்சு மூக்கைத் தூக்குனா ப்ளேன் காத்துல நிக்காதுங்க, அதை ஸ்டாலும்பாங்க, அப்படியே கீழ வந்துரும். அதுக்கு மட்டும் அந்தம்மா கத்தும். "விழுகறோமுங், விழுகறோமுங், மூக்கை எறக்குங்!" நெசமா பஸ்ஸுல போறப்ப பயந்துக்கிட்டுக் கத்தறாப்புலயே இருக்கும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்தக் கொரலை உள்ள ஏத்துனதே நான்தானே! மாஸ்டருக்கு வர்ணந்தான் தெரியும், இந்த சவுண்டு சோலியெல்லாம் தெரியாது. அந்தம்மா பேசுனதைப் போன்ல பதிஞ்சு கொண்டாந்து குடுத்தாரு. நான்தான் வெட்டி, சுத்தம் பண்ணி, அதது எடத்துல வச்சுக் குடுத்தேன்.

அந்தம்மாவுக்குக் கொரலு கொஞ்சம் எச்சாத்தான். மாஸ்டரு ஆடறப்பப் பக்கத்துலயே உக்காந்துக்குவாங்க, மைக்குல எல்லாம் கேக்கும். ஒரு தடவை என்ற ஸ்பிட்ஃபயரு, அதான் நான் ஓட்டற சண்டை ப்ளேன், எறங்கறப்ப ஓடுதளத்தை விட்டுத் தாண்டிப் போயி கவுந்து போச்சு. காத்து அப்படி. உடனே அந்தம்மா மைக்குல, "டி.எஸ்.ஓ. சாரு மறுக்கா குப்புற உழுந்துட்டாருங்! சக்கரத்துக்கு கார்டு குடுக்கலையாட்ட!" அப்படின்னுச்சு. இருபத்தியோரு பேரும் சிரிச்சாங்க. சிவமலை அஞ்சு நிமிஷம் சிரிச்சான். ரெண்டு மூணு மாசம் நான் எறங்கறப்பெல்லாம் எவனாவது ஒருத்தன், "சாருக்கு கார்டு குடுங்கப்பா"ம்பான்.

அதை நான் அன்னிக்கே மறந்துட்டேனுங்க. ஐப்பசி ரெண்டாவது ஞாயிறு, நாலு மணி இருக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த தையில அந்தம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்துருச்சு. வலது கை, வலது காலு வராது. பேச்சு சுத்தமாப் போச்சு. மாஸ்டரு ரெண்டு மாசம் ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் அலைஞ்சாரு. ஈசலை ஒருத்தரும் தொடலை. ரெண்டு மாசமும் நேரம் பூஜ்யம். விதிப்படி மொத மாசமே எடுத்திருக்கோணும். நான் எடுக்கலையே! கருணை காலம்னு எழுதி வச்சேன். எனக்கு எரக்கம் இல்லைன்னு சொல்றவங்க அதையும் சொல்லோணும்ல?

பங்குனியில திரும்பி வந்தாரு. வந்தவரு ஓட்டுன ஓட்டைப் பாக்கோணுமே! ஈசலைக் கெளப்புவாரு, மேல போவாரு, வேகத்தைக் கொறைப்பாரு, மூக்கைத் தூக்குவாரு, பொத்துனு விழுவாரு. மறுக்கா கெளப்புவாரு, மறுக்கா விழுவாரு. ஒரு ஞாயித்துக்கெழமை நான் எண்ணுனேன், முப்பத்தியொரு தடவை. சண்டை போடறதில்லை, யாரு கூடயும் பேசறதில்லை, மைக்கை மூடி வச்சுக்குவாரு. நம்ம ஆளுக அவரு விழற எடத்துக்கு "மாஸ்டர் தோட்டம்"னு பேரே வச்சுட்டாங்க. நான் தடுக்கலை. ஆட்டம்னா கேலி இருக்கத்தான் செய்யும். என்னைப் பண்ணலையா?

ஆனா பட்டியல்காரனுக்கு ஒரு கவலை. விழுந்த பறப்பு செல்லாது. ஈசலுக்கு நேரம் ஏறவே இல்லை. கருணை காலத்தை வைகாசி வரைக்கும் நீட்டி வச்சேன். இதே சமயம் எனக்கு ஒரு ஸ்பிட்ஃபயரு வந்து காத்துக் கெடந்துச்சு. நம்மகிட்ட ஏற்கெனவே நாலு வகை இருக்குது, ஆனா இது வேற. ரேடியேட்டரு மூடி மாறும். உங்களுக்குப் போகப் போகத் தெரியும், நொம்ப முக்கியமான வித்தியாசம். எடந்தான் இல்லை.

சரி, ஆளுக்கு என்ன ஆச்சுன்னு நேர்ல பாத்துட்டு வரலாம்னு ஒரு நாள் காலையில கண்ணம்பாளையம் போனேன். வைகாசி. போறப்ப ஒரு சீப்பு பழம் வாங்கிட்டுத்தான் போனேன், வெறுங்கையோட போகலை. கதவு தொறந்தே இருந்துச்சு. உள்ள இருந்து அந்தம்மா கத்தற சத்தம். "விழுகறோமுங், விழுகறோமுங், மூக்கை எறக்குங்!" அட, பேச்சு வந்துருச்சாட்ட இருக்குதேன்னு உள்ள போனா, கம்ப்யூட்டருல இருந்து வருது. பெரிய ஸ்பீக்கரு வச்சிருந்தாரு. அந்தம்மா சக்கர நாற்காலியில ஸ்பீக்கரு முன்னால உக்காந்திருந்துச்சு. வாயி ஒரு பக்கம் இழுத்திருக்குது. ஸ்பீக்கரு கத்த கத்த இந்தம்மா உதடு அது கூடவே போவுது. "வி... வி... விழு..." ப்ளேன் கீழ உழுந்து சத்தம் நின்னதும் இடது கையால மாஸ்டரு தொடையைத் தட்டுது. மறுக்கா கெளப்புங்கறாங்களாமா.

மாஸ்டரு எந்திரிச்சு நின்னாரு. "வாங்க சார், உக்காருங்க சார். பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருதுங்க. அது சொல்லச் சொன்னா இவ மூஞ்சியத் திருப்பிக்கறா. எதேச்சையா ஒரு நாள் ஈசலைக் கெளப்புனனுங்க, உழுந்துச்சு. இவ கொரலை இவளே கேட்டு அப்படியே நிமிந்து உக்காந்துட்டா. அந்தப் பொண்ணும் பாத்துட்டு, இதையே விடாம பண்ணுங்க, வார்த்தை ஒண்ணொண்ணா வரும்னு சொல்லிட்டுப் போயிருக்குதுங்க. ரெண்டு மாசத்துல 'விழு' வரைக்கும் வந்துட்டா சார்"ன்னாரு. கண்ணுல தண்ணி. "உங்க கையாலதானுங்க அவ கொரலை உள்ள வச்சீங்க. உங்களுக்குக் கோயில் கட்டோணுமுங்க"ன்னாரு.

நான் மாசக் கணக்கை எடுத்துச் சொன்னேன். இப்படி விழுந்துக்கிட்டே இருந்தா நேரம் ஏறாது மாஸ்டரு, வர்ற மாசக் கடைசியில எடுத்துப்போடுவேன்னு பக்குவமாத்தான் சொன்னேன். ஆளு ஆடிப் போயிட்டாரு. "எறங்குனா அவ கொரலு வராதுங்களே சார், விழுந்தாத்தானே வரும்?"ன்னாரு. அது எனக்கும் புரியுது. ஆனா விதியில விழுந்தவங்களுக்குன்னு தனியா எடம் எதுவும் இல்லையே?

இதுல ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்காதீங்க. அந்தக் கொரலு இருக்கே, அது ஒரு சின்ன ஃபைலு. அரை நிமிஷம்கூட வராது. ஈசல் ஃபோல்டருக்குள்ளயே கெடக்குது. அதை எடுத்துப் போன்ல போட்டுக் குடுத்திருந்தா ப்ளேனும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம், நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கலாம். அது கூட வேண்டாம், நெட்டுக் கம்பியைப் புடுங்கிப்போட்டு ஊட்டுல தனியா ஓட்டியிருந்தா என்ற புரோகிராம் அவரு மிஷினைத் தொடவே தொடாது. சாகற வரைக்கும் ஈசல் அவருகிட்ட இருந்திருக்கும். இது எதுவும் மாஸ்டருக்குத் தெரியலை. கொரலைப் பதிஞ்ச போனை என்னிக்கோ மாத்திப்போட்டாரு. தனியா ஒரு காப்பி எடுத்து வைக்கலையான்னு கேட்டேன். "எதுக்குங்க சார்? இருபத்திரண்டு பேரு மிஷின்ல இருக்குதே, இதை விடப் பத்திரம் ஏது?"ன்னாரு. பட்டியல்ல இருந்தாத்தான் ப்ளேன் இருக்கும், பட்டியல்ல இல்லைன்னா எங்கயும் இருக்காதுன்னு நெனச்சுட்டு இருந்தாரு மனுசன்.

சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவரு விதியைத் தளத்தச் சொல்லித்தான் கேட்டாரு. கேக்காததை வலியப் போயிச் சொல்றது எனக்குப் பழக்கமில்லைங்க. முப்பத்தி மூணு வருஷத்துல மனுவுல என்ன எழுதியிருக்குதோ அதுக்குத்தான் பதில் குடுத்திருக்கேன். கெளம்பறப்ப அந்தம்மாவைப் பாத்து, "நல்லாருக்கீங்களாம்மா?"ன்னு கேட்டேன். என்னையே பாத்துச்சு. ஒரு வார்த்தை இல்லை. அன்னிக்கு மைக்குல என்னா பேச்சு!

குரூப்புல நோட்டீஸ் போட்டேன். ஈசல் நீக்கம் செய்யப்பட உள்ளது, ஆட்சேபணை இருந்தா ஏழு நாளைக்குள்ள எழுத்து மூலமா தெரிவிக்கோணும். மாஸ்டரு நாலு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாரு. எழுத்து மூலமான்னு தெளிவாப் போட்டிருக்குது. வாய்ஸை எப்படி ஏத்துக்கறது? தள்ளுபடி பண்ணிட்டேன். கடைசி வரைக்கும் நான் கேக்கவும் இல்லை. கேட்டா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும், அதனால கேக்கறதில்லை.

அப்பத்தான் மாஸ்டருக்கு ரோசம் வந்துச்சு. ஆனி மாசம் பூராவும் ஒழுங்கா ஓட்ட ஆரம்பிச்சாரு. ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு அந்தம்மாவை உள் ரூமுல விட்டுக் கதவைச் சாத்திருவாராம். பக்கத்துல இருந்தா தொடையைத் தட்டும், தட்டுனா கை தானா மூக்கைத் தூக்கிரும். கதவுக்கு அந்தப் பக்கம் அது சத்தம் போட்டு அழுவுமாம், இவரு ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஓட்டுவாரு. சுட வந்தா ஓடி ஒளிஞ்சுக்குவாரு. மேகத்துக்குள்ள போயிக்குவாரு. மூணு ஞாயித்துல மூணு மணி இருபது நிமிஷம் ஏத்திப்போட்டாரு. இன்னும் நாப்பது நிமிஷம். எனக்கே ஆச்சரியம்.

கடைசி ஞாயிறு. அஞ்சு மணிக்குக் கெளம்புனாரு. அம்பது நிமிஷம் மேலயே சுத்துனாரு. சிவமலையும் இன்னும் நாலு பேரும் எதிரணியில இருந்துக்கிட்டே அவரைச் சுடாம ஒதுங்கி ஒதுங்கிப் போனாங்க. அது மட்டும் நாயமா? எனக்குப் பிடிக்கலை. ஆனா எதுவும் சொல்லலை. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்ப எறங்க வந்தாரு. மொத தடவையா அன்னிக்கு மைக்கைத் தொறந்தாரு. "எல்லாருக்கும் நன்றிங்க. மரகதமும் பக்கத்துலதான் இருக்கறா. நாங்க எறங்கறோமுங்க"ன்னாரு. எறங்கற சந்தோஷத்துல உள் ரூமுல இருந்து கூட்டியாந்து வச்சுக்கிட்டாராட்ட.

நான் அவரு பின்னால எரநூறு அடி மேல இருந்தேன். நானும் எதிரணிதாங்க. எதிரி ப்ளேன் கண்ணுக்கு முன்னால நேராப் போயிட்டு இருக்குது. சுடாம பூவா போடுவாங்க? ஒரே தடவைதான் அமுக்குனேன். அன்னிக்கு எனக்கு விழுந்த ஒரே ப்ளேன் அது.

ஈசலோட மூக்கு மேல தூக்குச்சு. ஸ்டால் ஆயிப்போச்சு. மைக்கு தொறந்தேதான் கெடந்துச்சு. "விழுகறோமுங், விழுகறோமுங், மூக்கை எறக்குங்!" அப்பத்தான் தம்பி, அது ஒரு கொரலு இல்லை, ரெண்டு. ஒண்ணு பழசு, ஒண்ணு கொழறிக்கிட்டு, இழுத்துக்கிட்டு. "வி...ழு...கறோ...முங்." அந்தம்மா முழு வார்த்தையும் சொல்லிப்போடுச்சு. ப்ளேன் தரையில மோதி சத்தம் நின்ன பொறகும் அது மட்டும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. "விழுகறோமுங். விழுகறோமுங்." மாஸ்டரு, "மரகதம், மரகதம், இன்னொருக்கா சொல்லு சாமி"ன்னு கத்தறாரு. அழுவறாரா சிரிக்கறாரான்னு தெரியலை.

சிவமலைதான் மொதல்ல வாயத் தொறந்தான். "சார், இன்னும் ஆறு நிமிஷம் இருக்குது. பட்டியலை ஒரு வாரம் நிறுத்தி வைங்க சார். கைகூப்பிக் கேட்டுக்கறேன்"ன்னான். வேற நாலஞ்சு பேரும் சார் சார்ன்னாங்க. நான் ஒரே பதில்தான் சொன்னேன். நேரம் மூணு மணி இருபது நிமிஷம், நாலு ஆகலை. இன்னிக்கு ஒருத்தருக்கு நிறுத்துனா நாளைக்கு எல்லாரும் நிறுத்தச் சொல்லுவீங்க. மாஸ்டரு அந்த ஆறு நிமிஷமும் ஈசலை மறுக்கா கெளப்பி, மறுக்கா விழுந்து, அந்தம்மாவைச் சொல்ல வச்சுக்கிட்டே இருந்தாரு. மூணு தடவை விழுந்தாரு. நாலாவது தடவை மேல போயிட்டு இருக்கறப்ப ஆறு மணி ஆச்சு. ப்ளேன் காத்துலயே காணாமப் போச்சு. இருபத்திரண்டு மிஷின்லயும். என்ற ஸ்பிட்ஃபயரு வந்து உக்காந்துச்சு. ஒருத்தருக்கும் ஆட்டம் மூடலை. அவ்வளவு சுத்தமா நடந்துச்சு.

அப்புறம் அந்தம்மா பேசலைங்கறாங்க. அன்னிக்கு வந்த வார்த்தையும் ஒரு மாசத்துல போயிருச்சாம். ஸ்பீக்கரு முன்னால நாற்காலியைத் தள்ளச் சொல்லித் தட்டுமாம், தள்ளுனா அங்கயே உக்காந்திருக்குமாம். பயிற்சிக்கு வந்த பொண்ணும் நின்னுக்கிச்சாம். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நான் என்ன டாக்டரா?

மாஸ்டரு ஆனா விட்டுட்டுப் போகலை பாருங்க. அதுதான் நல்ல ஆளுக்கு அழகு. விதியில ஒரு வழி இருக்குதுங்க. எந்த உறுப்பினரு எந்த ப்ளேன்லயாவது நூறு மணி நேரம் விழாம எறங்கிக் காட்டறாரோ, அவரு எடுத்துப்போட்ட ப்ளேன் ஒண்ணைத் திரும்பப் பட்டியல்ல சேக்கச் சொல்லலாம். அதைப் படிச்சுட்டு ஆடியில இருந்து ஒரு ஞாயிறு தவறலை. என்ற ஸ்பிட்ஃபயரைத்தான் ஓட்டறாரு. இப்ப ஆளு விழறதே இல்லைங்க! சுட முடியாது, அப்படி ஓட்டறாரு. இருபத்திரண்டு பேருல இன்னிக்கு அவருதான் மொத ஆளு. தொண்ணூத்தி மூணு மணி ஆயிருச்சு. வர்ற மாசம் நூறு. இப்படி ஒரு விமானியை யாரு உருவாக்குனது? சொல்லுங்க. நான் அன்னிக்கு விதியைத் தளத்தியிருந்தா இந்நேரமும் மாஸ்டர் தோட்டத்துல விழுந்துக்கிட்டுத்தான் இருப்பாரு.

ஒரே ஒரு சங்கடம். எடுத்துப்போட்ட ப்ளேனெல்லாம் என்ற ஹார்ட் டிஸ்க்குல பத்திரமா இருக்குதுன்னு எல்லாரும் நெனச்சுட்டு இருக்கறாங்க. இருந்துச்சுங்க. ஆவணியில திருப்பூருல என்ற பொண்ணு புது ஊட்டுக்குப் பால் காய்ச்சுனாங்க, அந்த வீடியோ நாலு மணி நேரம் ஓடும். ஏத்த எடம் பத்தலை. பழசெல்லாம் ஒட்டுக்கா அழிச்சுப்போட்டேன். யாரு கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு சிவமலை வந்து ஈசல்ல ஒரு காப்பி குடுங்கன்னு நின்னான். அழிச்சுட்டேன்னு சொல்ல முடியுமா? விதிப்படி மாஸ்டரு நூறு மணி முடிச்சுட்டு வாங்கட்டும்னுட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போனவன்தான்.

மாஸ்டரு வாரா வாரம் ஆட்டம் முடிஞ்சதும் கேப்பாரு. "சார், ஈசல் பத்திரமா இருக்குதுங்களா?" இருக்குதுங்க மாஸ்டரு, நீங்க ஓட்டுங்கம்பேன். இல்லைன்னு சொன்னா ஓட்டறதை நிறுத்திப்போடுவாரு. நல்ல ஆளு, குரூப்புக்கு நஷ்டம். நூறு முடியற அன்னிக்கு அந்தம்மாவை இங்கயே கூட்டியாறேன், உங்க மிஷின்லயே மொதல்ல கேக்கட்டும்னு சொல்லியிருக்கறாரு. படியில நாற்காலியை ஏத்த ரெண்டு ஆளு வேணுமாம். வரட்டும். வந்தா சொல்லிக்கலாம்.

அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன். இந்தாங்க, ஏத்தி முடிஞ்சுருச்சு பாருங்க, நூத்தி இருபதும் வந்துருச்சு. இதுதான் விதிப் பட்டியல், மூணு பக்கம். கடைசி விதியைப் பாருங்க. நீக்கம் செய்யப்பட்ட ப்ளேன்களைப் பாதுகாத்து வைப்பதற்குப் பட்டியல் நிர்வாகம் பொறுப்பல்ல. போன வாரந்தான் சேத்துனேன். எல்லாரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டாச்சு, உங்களுதுதான் பாக்கி. இந்தாங்க பேனா. நீங்க நிதானமா படிச்சுட்டே போடுங்க தம்பி. மாஸ்டருக்கு அவசரம், அந்தம்மாவுக்கு மருந்து குடுக்கற நேரம்னாரு. படிக்காமயே போட்டுட்டுப் போயிட்டாரு.